நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு: உங்கள் வீட்டுக் கணக்கை ஒரே தாளில் எழுதும் முறை

"சிகரெட் பிடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்பார். "விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு" என்று பதில் வரும். பெரும்பாலான மருத்துவமனைகளில் இதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எந்த வயதில் தொடங்கினார், ஒரு நாளைக்கு எத்தனை பிடித்தார், என்ன வேலை பார்த்தார், வீட்டில் என்ன அடுப்பு எரிந்தது, முன்பு டிபி வந்ததா என்பதெல்லாம் கேட்கப்படாமலே போகின்றன. நுரையீரல் புற்றுநோய் பல ஆண்டுகள் சேர்ந்த சேதத்தின் விளைவு. அந்த ஆண்டுகளைச் சரியாக எழுதிக் கையில் கொடுத்தால், அடுத்து எந்தப் பரிசோதனை தேவை, எது வேண்டாம் என்று டாக்டரால் தெளிவாகச் சொல்ல முடியும்.

ஒரு முழுத்தாள், பேனா, வீட்டில் பழைய விவரம் தெரிந்த ஒருவர் போதும். அப்பாவுக்காக எழுதுவதாக இருந்தால் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பீடிக்கட்டுக்குக் காசு கொடுத்தவருக்குத்தான் உண்மையான எண்ணிக்கை தெரியும்.

முதலில் புகைத்த கணக்கு

புகைப்பவருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவரைவிட 15 முதல் 30 மடங்கு வரை அதிகம். தாளின் பாதியை இதற்கே ஒதுக்குங்கள்.

டாக்டர்கள் இதை 'பேக் இயர்' கணக்கில் எழுதுவார்கள். ஒரு நாளைக்குப் பிடித்த எண்ணிக்கையை 20-ஆல் வகுத்து, எத்தனை ஆண்டுகள் பிடித்தாரோ அதனால் பெருக்க வேண்டும். தினமும் 20 வீதம் ஓராண்டு பிடித்தால் 1 பேக் இயர்.

பலர் தவறுவது இங்கேதான். நம் ஊர்க் கடைகளில் 10 சிகரெட் கொண்ட பாக்கெட்தான் அதிகம் விற்கிறது. "ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்" என்று ஒருவர் சொன்னால் அது 10-ஆ 20-ஆ என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் எழுதினால் மொத்தக் கணக்கும் இரட்டிப்பாகிவிடும், அல்லது பாதியாகிவிடும்.

இன்னொரு தவறு, இப்போது பிடிக்கும் எண்ணிக்கையை ஆயுள் முழுக்கப் போட்டுவிடுவது. காலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதுங்கள். 55 வயதுக்காரர் ஒருவர் 18 முதல் 30 வயது வரை தினம் 5, 30 முதல் 48 வரை தினம் 15, அதன்பிறகு இன்றுவரை தினம் 10 என்று பிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். முதல் 12 ஆண்டுகளுக்கு 3, அடுத்த 18 ஆண்டுகளுக்கு 13.5, கடைசி 7 ஆண்டுகளுக்கு 3.5. ஆக மொத்தம் 20 பேக் இயர். "இப்ப பத்துதான் பிடிக்கிறேன்" என்பதை மட்டும் வைத்து 37 ஆண்டுகளுக்குப் பெருக்கியிருந்தால் 18.5 வந்திருக்கும். இந்த ஒன்றரை சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். ஆனால் சிடி ஸ்கேன் பரிசோதனைக்கு அமெரிக்க வழிகாட்டுதலில் வைத்திருக்கும் எல்லை 20 என்பதால், அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே மாறிவிடும்.

நடுவில் நிறுத்திய ஆண்டுகளைக் கழித்துவிடுங்கள். சபரிமலைக்கு மாலை போட்ட நாட்கள் இந்தக் கணக்குக்குப் பெரிதாகத் தெரியாது. இரண்டு மூன்று ஆண்டுகள் முழுதாக விட்டிருந்தால் மட்டும் கழித்தால் போதும். நண்பரோடு பாதி பாதியாகப் பிடித்தவர் அரை என்று எழுதலாம். முழுதாக விட்டவர் விட்ட ஆண்டைத் தனியாகக் குறித்து அடிக்கோடிடுங்கள். அதுவும் பின்னால் தேவைப்படும்.

பீடி பிடித்தவருக்கு இந்திய மருத்துவர்கள் இன்னும் எளிய ஒரு கணக்கையும் வைத்திருக்கிறார்கள். தினசரி எண்ணிக்கையை அப்படியே ஆண்டுகளால் பெருக்குவது. 100-க்குள் என்றால் குறைவு, 100 முதல் 300 வரை நடுத்தரம், 300-க்கு மேல் போனால் கடுமையான புகைப்பழக்கம். மேலே சொன்னவருக்கு இந்தக் கணக்கில் 400 வரும். கட்டுக் கணக்கில் பிடித்தவர் ஒரு கட்டில் எத்தனை என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள். பிராண்டுக்குப் பிராண்டு மாறும்.

பீடியில் புகையிலை குறைவு, அதனால் கேடும் குறைவு என்ற நம்பிக்கை கிராமம், நகரம் இரண்டிலும் ஊறிப்போயிருக்கிறது. புகையிலை குறைவு என்பது உண்மை. ஆனால் பீடி இலை காற்றை எளிதில் உள்ளே விடாது, சட்டென்று அணைந்தும் போகும். அணையாமல் வைத்திருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் ஒரு பீடியில் உள்ளே போகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைவதில்லை. ஒரு பீடியை ஒரு சிகரெட்டாகவே எண்ணுங்கள். 'லைட்' என்று விற்ற சிகரெட்டுக்கும் தள்ளுபடி கிடையாது. அதன் பில்டரில் உள்ள நுண்துளைகளை விரலோ உதடோ மறைத்துவிடும். நிக்கோட்டின் போதாமல் பிடிப்பவர் இன்னும் ஆழமாக இழுப்பார்.

எண்ணிக்கையைவிட ஆண்டுகள்தான் இங்கே கனமானவை. தினம் 10 வீதம் 40 ஆண்டுகள் பிடித்தவரும், தினம் 20 வீதம் 20 ஆண்டுகள் பிடித்தவரும் தாளில் ஒரே 20 பேக் இயர்தான். ஆபத்து முதலாமவருக்கே அதிகம். ஆகவே கூட்டுத்தொகையோடு நிறுத்தாமல் தொடங்கிய வயதையும் எழுதுங்கள். "குறைச்சுக்கிட்டேன்" என்பதும் இந்தக் காரணத்தால்தான் பெரிய பலன் தருவதில்லை. குறைத்தவர் மிச்சமிருப்பதை ஒட்ட இழுக்கிறார், ஆண்டுகளும் கூடிக்கொண்டே போகின்றன.

புகைப்பவரோடு ஒரே வீட்டில் வாழும், தான் புகைக்காத ஒருவருக்கு இந்த ஆபத்து 20 முதல் 30 சதவீதம் வரை கூடுகிறது. மனைவியின் தாளிலும் கணவர் வீட்டுக்குள் புகைத்த ஆண்டுகளை எழுத வேண்டும். ஜன்னலைத் திறந்து வைப்பது, பால்கனியில் நின்று பிடித்துவிட்டு உடனே உள்ளே வருவது எல்லாம் முழுத் தீர்வு ஆகாது.

அடுப்படி

இந்த நோய் வந்த பெண்களில் பலர் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. கிழக்காசியாவில் நோயாளிப் பெண்களில் பெரும்பங்கினர் இப்படித்தான். நம்மிடமும் இது அரிதல்ல. அவர்களுக்கான பக்கம் பெரும்பாலும் அடுப்பிலிருந்துதான் தொடங்கும்.

விறகு, வறட்டி, சோளத்தட்டை, கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றில் எதில், எத்தனை ஆண்டுகள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சமைத்தார் என்று கேளுங்கள். மணி நேரத்தை ஆண்டுகளால் பெருக்கி எழுதுங்கள். தினம் 3 மணி நேரம், 30 ஆண்டுகள் என்றால் 90. அடுப்பு வீட்டுக்குள் இருந்ததா, கூரைக்கு மேலே போகும் புகைப்போக்கி இருந்ததா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுமியாக அம்மாவின் அடுப்படியில் உட்கார்ந்திருந்த ஆண்டுகளும் இதில் சேரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வீட்டுக்குள் நிலக்கரி எரிக்கும் புகையை 'புற்றுநோயை உண்டாக்கும்' என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. விறகு, வறட்டிப் புகை அதற்கு அடுத்த படியில், 'உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் இருக்கிறது. சீனாவின் சுவான்வெய் பகுதியில் புகை கக்கும் நிலக்கரியில் சமைத்த வீடுகளில், புகைக்காத பெண்களிடையே இந்த நோய் மிக அதிகமாக இருந்தது. அடுப்புகளுக்குப் புகைப்போக்கி வைத்த வீடுகளில், ஆண்டுகள் செல்லச் செல்ல, நோய் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஒரு புகைப்போக்கி செய்த வேலை அது.

கேஸ் வந்துவிட்டது என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். சமையல் கேஸில் நடந்தாலும் வெந்நீர் அடுப்பும் நெல் அவிக்கும் அடுப்பும் பல வீடுகளில் இன்னும் விறகில்தான் எரிகின்றன. அவற்றை வீட்டை ஒட்டாமல் வெட்டவெளிக்கு மாற்றுங்கள். ஈர விறகு எரிக்காதீர்கள். அதில் புகை பல மடங்கு. தீ பற்றவைக்க பால் கவரையும் பிளாஸ்டிக் பையையும் போடும் பழக்கத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். அந்தப் புகையை மிக அருகில் குனிந்து ஊதுபவர்தான் முதலில் இழுக்கிறார்.

எண்ணெய் கொதித்துப் புகையும் அளவு சூட்டில் பொரிக்கும்போது எழும் ஆவியும் 'உண்டாக்கக்கூடும்' பிரிவில்தான் இருக்கிறது. பலகாரக் கடையில், ஓட்டல் அடுப்பில் ஆண்டுக்கணக்கில் நின்றவர் அதையும் எழுத வேண்டும். வீட்டில் எக்ஸாஸ்ட் பேனைப் பொரிக்கத் தொடங்கும் முன்பே போட்டு, அடுப்பை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். கொசுவர்த்தி பற்றியும் கேட்பார்கள். மூடிய அறையில் ஒரு சுருள் முழுதாக எரிந்தால், 75 முதல் 137 சிகரெட் எரிந்த அளவுக்கு நுண்துகள் வரலாம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. அது புற்றுநோயில் முடியும் என்று உறுதியாகவில்லை. ஆனாலும் ஜன்னலை மூடிச் சுருளைக் கொளுத்தித் தூங்குவதைவிடக் கொசுவலை நல்லது.

பார்த்த வேலை

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இப்போதைய வேலையை மட்டும் சொல்லிவிட்டு, இருபது வயதில் மூன்று வருடம் பார்த்த வேலையை மறந்துவிடுவார்கள். ஆஸ்பெஸ்டாஸ் போன்ற பொருள் உள்ளே போய் நோயாக வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும். ஆகவே பள்ளியை விட்ட நாளிலிருந்து வரிசையாக எழுதுங்கள்: ஊர், வேலை, ஆண்டுகள், கையாண்ட பொருள், தூசி பறந்ததா, முகத்துக்கு என்ன கட்டினார்.

கல் உடைத்தல், கிரானைட் அறுத்தல், கிரஷர், போர்வெல் போடுதல், டைல்ஸ் வெட்டுதல், வார்ப்படப் பட்டறை ஆகியவற்றில் பறப்பது சிலிக்கா தூசி. முகத்தில் கட்டும் துண்டு இதைத் தடுக்காது. நுரையீரலின் அடிவரை போகும் துகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. வெட்டும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டுவதுதான் முதல் தற்காப்பு. என்95 முகக்கவசம் அதற்கு அடுத்ததுதான். தாடி இருந்தால் அதுவும் முகத்தோடு ஒட்டாது, ஓரத்தில் காற்று புகும்.

வெல்டிங் புகை, டீசல் புகை இரண்டும் மேலே சொன்ன 'புற்றுநோயை உண்டாக்கும்' முதல் பிரிவில் இருப்பவை. டீசல் புகையை 2012-லும், வெல்டிங் புகையை 2017-லும் அங்கே சேர்த்தார்கள். மூடிய ஷெட்டில் லாரி எஞ்சினை ஓடவிட்டு வேலை பார்த்த மெக்கானிக், டேங்குக்குள் இறங்கி வெல்டிங் செய்தவர், காலமெல்லாம் பெயின்ட் அடித்தவர் எல்லோரும் இதை எழுத வேண்டும்.

நகைப் பட்டறையில் இருந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கே.டி.எம். நகை என்று பேர் வாங்கியது கேட்மியம் கலந்து பற்றவைத்த நகைதான். நகையை அணிபவருக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. ஊதுகுழலை வாயில் வைத்துக் குனிந்து பற்றவைத்தவர்தான் கேட்மியம் ஆவியை இழுத்தார். கேட்மியமும் நுரையீரல் புற்றுநோய்க்கான முதல் பிரிவுப் பொருள்.

குரோம் முலாம் பூசும் பட்டறைக்கும் இது பொருந்தும். அங்கே பறக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் ஆபத்தானது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் பெரும்பாலும் வேறு வகை, மூன்று இணைதிறன் கொண்டது. அதற்கு இந்தக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிலாளி "குரோம்ல வேலை பார்த்தேன்" என்று மட்டும் சொன்னால் டாக்டர் குழம்பிப் போவார். எந்த இடத்தில், எந்த வேலை என்று விவரமாக எழுதுங்கள்.

இனி ஆஸ்பெஸ்டாஸ். சிமென்ட் ஷீட் கூரையின் கீழே வாழ்கிறோமே, நமக்கு வந்துவிடுமா என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. உடையாமல், பொடியாமல் இருக்கும் ஷீட்டில் நார்கள் சிமென்ட்டில் சிக்கியே இருக்கும். அதிலிருந்து வருவது மிகக் குறைவு. அதை அறுக்கும்போதும் துளை போடும்போதும் உடைக்கும்போதும்தான் நார் காற்றில் கலக்கிறது. பழைய ஷீட்டை இறக்க வேண்டுமானால் இந்த வரிசையில் செய்யுங்கள். முதல் நாளே குழந்தைகளையும் சாப்பாட்டுப் பொருட்களையும் அப்புறப்படுத்துங்கள். ஷீட்டை இருபுறமும் தண்ணீர் தெளித்து நனையுங்கள். ஜெ-போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்குங்கள். சுத்தியலால் தட்டி உடைக்கவோ கட்டர் மெஷின் போடவோ கூடாது. இறக்குபவருக்கு பி100 வடிகட்டி வைத்த முகக்கவசம் வேண்டும். துணி முகக்கவசம் வீண், என்95 போதாது. விழுந்த துணுக்குகளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியோடு தடித்த பிளாஸ்டிக்கில் கட்டிவிடுங்கள். போட்டிருந்த சட்டையைத் தனியாக நனைத்துத் துவையுங்கள். உடைந்த துண்டுகளைக் கோழிக்கூண்டுக்கு மூடியாகவும் பாதையில் பள்ளம் நிரப்பவும் போட்டு வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. மிதிபட மிதிபட அது பொடியாகிக்கொண்டே இருக்கும்.

ஆஸ்பெஸ்டாஸும் புகையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் குழாய்களுக்கும் கொதிகலன்களுக்கும் காப்புறை போட்ட தொழிலாளர்களிடம் பார்த்தார்கள். 1979-ல் வெளியான கணக்குப்படி, ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் என்றால் ஆபத்து சுமார் 5 மடங்கு, புகை மட்டும் என்றால் சுமார் 10 மடங்கு, இரண்டும் இருந்தவர்களுக்கு 50 மடங்குக்கு மேல். இரண்டும் கூடவில்லை, ஒன்றை ஒன்று பெருக்கின. தூசி வேலையிலிருந்து உடனே விலக முடியாதவருக்குப் புகையை விடுவது மற்றவர்களைவிட அவசரம் என்று சொல்வது இதனால்தான்.

உடம்பு, குடும்பம், காற்று

அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் எழுதுங்கள், எந்த வயதில் வந்தது என்பதோடு. ஆபத்து ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கூடலாம். முன்பு வந்த டிபி, நீண்ட நாள் மூச்சிரைப்பு நோயான சிஓபிடி, நுரையீரல் தழும்பு நோய், எச்ஐவி, மார்புக்குக் கொடுத்த கதிர்வீச்சு சிகிச்சை ஆகியவையும் பட்டியலில் வரும். டிபி வந்தவர்கள் அந்தக் காலத்து எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள். தழும்பு பழையதா புதியதா என்று ஒப்பிட அதைவிடச் சிறந்த சான்று கிடையாது.

வெளிக்காற்று மாசு 2013-ல் முதல் பிரிவுக்குப் போனது. பிஎம் 2.5 நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த ஆண்டுச் சராசரி எல்லை கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியத் தரம் 40. தனி ஒருவர் இதில் செய்ய முடிவது குறைவு. குப்பையைக் கொளுத்தாமல் இருப்பது அதில் ஒன்று. மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ராடான் சில நாடுகளில் புகைக்கு அடுத்த காரணம். குளிருக்கு இறுக மூடிய, நிலவறை உள்ள வீடுகளில்தான் அது அதிகம் தேங்கும். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலை நினைத்துப் பயப்படுபவர்களுக்கு ஒரு செய்தி: அதே வகை, கதிரியக்கம் கொண்ட மோனசைட் மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல்லாண்டு கண்காணித்தும் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது

இன்னும் புகைப்பவர் என்றால் அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. பிரிட்டன் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 60 வயதில் விட்டவருக்கு ஆயுள் சுமார் 3 ஆண்டும், 50-ல் விட்டவருக்கு 6 ஆண்டும், 40-ல் விட்டவருக்கு 9 ஆண்டும் கூடியது. விட்டு 10 முதல் 15 ஆண்டுகளில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ பாதியாகும். "இனிமே விட்டு என்ன ஆகப்போகுது" என்பதற்கு இந்த எண்கள்தான் பதில்.

1800 11 2356 என்ற இலவச எண்ணில் தேசியப் புகையிலை விடுப்பு உதவி கிடைக்கும். நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கினால், எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மி.கி., அதற்குப் பிறகு பிடிப்பவருக்கு 2 மி.கி. ஏற்றது. 4 மி.கி.க்கும், இதய நோய் உள்ளவருக்கும், கர்ப்பிணிக்கும் டாக்டர் ஆலோசனை வேண்டும். சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் குமட்டலும் வரும், பலன் இருக்காது. காரமாகச் சுள்ளென்று ஏறும்வரை மெல்ல மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் தணிந்ததும் திரும்ப மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். அதற்கு முன் கால் மணி நேரம் காபி, எலுமிச்சை ஜூஸ் வேண்டாம். புளிப்பு நிக்கோட்டினை ஈறு வழியே ஏறவிடாது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை போட்டு, பிறகு படிப்படியாகக் குறைக்கலாம். இதற்குப் பதில் ஹான்ஸ், குட்கா என்று மாறுவது வாய்ப் புற்றுநோய்க்குக் கதவு திறப்பது.

புகைப்பவர் சத்து மாத்திரை என்று பீட்டா கரோட்டின் வாங்கிச் சாப்பிடக் கூடாது. பின்லாந்தில் 29,000-க்கு மேற்பட்ட ஆண் புகைப்பாளர்களிடம் நடந்த சோதனையில், அந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. கேரட்டும் கீரையும் தாராளமாகச் சாப்பிடலாம். கேடு மாத்திரையில்தான்.

அடுத்தது ஸ்கேன். வயது 50 முதல் 80, கணக்கு 20 பேக் இயர் அல்லது அதற்கு மேல், இன்னும் புகைக்கிறார் அல்லது விட்டு 15 ஆண்டுகள் ஆகவில்லை என்றால், ஆண்டுக்கொரு முறை குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுக்கலாம் என்பது 2021-ல் வந்த அமெரிக்கப் பரிந்துரை. 53,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வில் இந்த ஸ்கேன், எக்ஸ்ரேயோடு ஒப்பிடும்போது நுரையீரல் புற்றுநோய் மரணத்தை 20 சதவீதம் குறைத்தது. இந்தியாவில் இதற்கென்று தேசியத் திட்டம் இல்லை. நம்மில் பலருக்குப் பழைய டிபியின் தழும்பு இருப்பதால் ஸ்கேனில் சிறு கட்டி போலத் தெரிவது அதிகம், தேவையில்லாத பயாப்சி (சதையைத் துளி எடுத்துச் சோதிப்பது) வரைக்கும் போய்விடக்கூடும். எனவே லேபில் நேராகப் போய் எடுக்காமல், நுரையீரல் மருத்துவரிடம் தாளைக் காட்டி, அவர் சொன்னால் எடுங்கள். ஊசி போடாத, குறைந்த கதிர்வீச்சு ஸ்கேன்தானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் எடுத்த மார்பு எக்ஸ்ரே நார்மல் என்பது போதாது. ஆரம்பக் கட்டி இதயத்தின் நிழலிலோ விலா எலும்பின் பின்னாலோ மறைந்துவிடும்.

இது எல்லாம் அறிகுறி இல்லாதவருக்கு. மூன்று வாரத்துக்கு மேல் நிற்காத இருமல், சளியில் ஒரு துளி ரத்தம், குரல் கரகரப்பு, காரணமில்லாத எடைக்குறைவு, விரல் நுனி பருத்து நகம் வளைவது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பேக் இயர் கணக்கைப் பார்க்காமல் உடனே போங்கள். புகைக்காதவருக்கும் இதே விதிதான்.

நம் ஊரில் மாதங்கள் வீணாவது பெரும்பாலும் டிபி என்ற சந்தேகத்தில். சளிப் பரிசோதனையில் கிருமி தெரியாமலேயே, எக்ஸ்ரே நிழலை மட்டும் பார்த்து டிபி மாத்திரை தொடங்கியிருந்தால், சளி சிபிநாட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும்) பரிசோதனைக்குப் போனதா என்று கேளுங்கள். நான்கு முதல் எட்டு வாரத்தில் எடை ஏறவில்லை, இருமல் தணியவில்லை, நிழல் குறையவில்லை என்றால் ஆறு மாதக் கோர்ஸ் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிடி ஸ்கேன், தேவைப்பட்டால் பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது), பயாப்சி வேண்டுமா என்று அந்த வாரமே கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.